மனநல வார்டில் அன்றாடப் பாதுகாப்பு: புதிதாகப் பணிக்கு வரும் செவிலியர்களுக்கு

மனநல உள்நோயாளர் பிரிவில் முதன்முதலாகப் பணிக்கு வருகிறவர்களிடம் எதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று கேட்டால், யாராவது அடித்துவிடுவார்களோ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. பல ஆண்டுகள் இந்த வார்டுகளில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான் நேரில் கண்ட விபத்துகளில் மிகப் பல, குளியலறையிலும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் மாத்திரை கொடுக்கும் நேரத்திலும் பணி மாறும் அரைமணி நேரத்திலும் நிகழ்ந்தவை. ஒருவரும் கத்தாத, ஒன்றும் நடக்காதது போலத் தோன்றிய வேளைகள் அவை. அதனால் இந்த வழிகாட்டியைச் சட்டதிட்டங்களின் வரிசையில் எழுதாமல், வார்டின் ஒரு நாள் எப்படி நகர்கிறதோ ஏறத்தாழ அந்தப் போக்கிலேயே எழுதுகிறேன்.

பணி மாறும் நேரம்

இரவுப் பணி முடிந்து காலைப் பணிக்கு வருகிறவரிடம் "எல்லாரும் நல்லா இருக்காங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது வார்டில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்குங்கள்: இன்று தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் யாருக்கு இருக்கிறது, உடம்பு யாருக்குச் சரியில்லை, யார் எதற்காக மனம் நொந்தோ கோபத்துடனோ இருக்கிறார். மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வருவதாகச் சொன்ன தம்பி வரவில்லை, மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை, வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பியிருந்த நாள் தள்ளிப்போய்விட்டது என்பவை கேஸ் ஷீட்டில் ஏறாத செய்திகள். ஆனால் அன்று மாலை நடக்கப்போகும் அசம்பாவிதத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஷிஃப்ட் செவிலியரும் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடந்து முகம் பார்த்து எண்ணுங்கள். படுக்கை எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். இரவில் எண்ணும்போது போர்வை மேடாக இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், மார்பு ஏறி இறங்குவதை நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஆளுக்குப் பத்து விநாடி போதும்.

சேர்க்கையும் உடைமைகளும்

புதிதாகச் சேர்க்கப்படுபவரிடமிருந்து பிளேடு, தீப்பெட்டி, லைட்டர், கண்ணாடிப் பொருள்கள், ஊக்கு, சார்ஜர் ஒயர், பெல்ட், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் ஆகியவற்றை வாங்கிவைப்பது எல்லா வார்டிலும் உள்ள நடைமுறை. அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு பாதி அடங்கியிருக்கிறது. சோதனை செய்பவர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும். ஏன் பார்க்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒருவர் சாட்சியாக உடனிருக்க, எடுத்த ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டில் எழுதி அவரிடமோ குடும்பத்தாரிடமோ கையொப்பம் வாங்க வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எழுபது வயதை ஒட்டிய ஒரு விவசாயி கடும் மனச்சோர்வோடு சேர்க்கப்பட்டார். கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்ற விதியை மனப்பாடம் செய்திருந்த ஓர் இளம் செவிலியர், அவருடைய அரைஞாண் கயிற்றை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி, இரு கைகளாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு நடுங்கினார். "எதிர்க்கிறார், ஊசி வேண்டும்" என்று டியூட்டி டாக்டருக்குச் செய்தி போனது. அவருடைய மகள் ஓடிவந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: அவர்கள் ஊரில் அரைஞாண் கயிற்றை அறுப்பது பிணத்துக்குத்தான். சாக வேண்டும் என்ற நினைப்போடு வந்த மனிதரை நாங்கள் செத்தவராகவே நடத்தியிருக்கிறோம். பிறகு மகளே பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான் வச்சிருக்கேன், வீட்டுக்குப் போறப்போ நானே கட்டிவிடறேன்" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். ஊசி தேவைப்படவில்லை.

தாலிக்கும் இதே கவனம் வேண்டும். கழற்றச் சொல்வதற்கு முன், இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே தேவையா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். தேவையென்றால் அவருடைய தாயோ சகோதரியோ தன் கையால் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். தன் சொந்த உடையை அணியும் உரிமையும், கட்டாயமாக மொட்டையடிக்கப்படாதிருக்கும் உரிமையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளிக்கு உள்ளவை. "எங்கள் வார்டு வழக்கம்" என்று சொல்லி அவற்றை மீற முடியாது.

வார்டைச் சுற்றி ஒரு நடை

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், இரண்டு பேராக வார்டைச் சுற்றிப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது அந்த வார்டில் அன்றாடம் வேலை செய்யாதவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் பழகிய கண்ணுக்கு உடைந்த ஜன்னல் கம்பிகூடத் தெரியாது. தரையிலிருந்து கூரை வரை பாருங்கள். குளியலறைக் குழாய்கள், கதவுக் கொக்கிகள், மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி, ஜன்னல் கிராதி ஆகிய எதுவும் ஓர் ஆளின் எடையைத் தாங்கும்படி இருக்கக்கூடாது என்பதே உலகெங்கும் மனநல வார்டுகளின் கட்டமைப்பு விதி. நம் பழைய கட்டடங்களில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. மாற்ற முடியாத இடங்களைப் பட்டியலாக எழுதி, ஆபத்தில் இருப்பவரை அந்த இடங்களிலிருந்து தள்ளி, செவிலியர் மேசைக்கு நேரெதிரே உள்ள கட்டிலில் வையுங்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டிருந்தாலும் வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்பதை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு பொருள்கள் அடிக்கடி தவறிவிடுகின்றன. முதலாவது, பழுதுபார்க்க வரும் எலக்ட்ரீசியனும் பெயின்டரும் விட்டுச்செல்லும் ஒயரும் கயிறும் பிளேடும். அவர்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கருவிகளை எண்ணுங்கள். இரண்டாவது, ஃபினாயில். துப்புரவுப் பணியாளர் அதைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பது நம் ஊரில் எங்கும் உள்ள பழக்கம். குழப்பத்தில் இருக்கும் ஒருவர், சாக நினைப்பே இல்லாமல், தாகத்துக்காகவே அதைக் குடித்துவிடக்கூடும். கழிவறைக்கான ஆசிட்டும் சானிடைசரும் பூட்டிய அலமாரியில், அவற்றின் சொந்தப் பாட்டிலிலேயே இருக்க வேண்டும்.

மாத்திரையும் சாப்பாடும்

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகராதீர்கள். தண்ணீர் குடித்து முடித்ததும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். பேசும்போது நாக்குக்கு அடியிலோ கன்னத்திலோ ஒதுக்கியிருந்தால் தெரிந்துவிடும். வாயைத் திற என்று அதட்டுவதைவிட இதுவே நல்ல வழி. தினமும் ஒதுக்கி வைத்த மாத்திரை நோயைத் தீராமல் வைத்திருப்பதோடு, தலையணை உறைக்குள் ஒரு கைப்பிடியாகச் சேர்ந்து வேறோர் ஆபத்தாகவும் மாறுகிறது. யாராவது மாத்திரையை ஒதுக்குவது தெரிந்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, எச்சில் வடிகிறது, தாம்பத்தியத்தில் சிரமம் என்று சொல்லக் கூச்சப்படும் காரணங்களே அதிகம். மருந்தின் அளவையோ வகையையோ மருத்துவர் மாற்றியதும் பலர் தாமாகவே விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

புரையேறி மூச்சடைப்பது மனநல வார்டில் போதிய அளவு பேசப்படாத ஆபத்து. மனச்சிதைவுக்கான மருந்துகள் சிலருக்கு விழுங்கும் தசைகளை இறுக்கிவிடுகின்றன. பசியும் அவசரமும் சேர்ந்தால் உலர்ந்த இட்லியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் தொண்டையில் நின்றுவிடும். இப்படிப்பட்டவருக்குச் சாம்பாரில் ஊறவைத்த இட்லி, சிறு துண்டுகள், நிமிர்ந்த இருப்பு, பக்கத்தில் ஓர் ஆள் ஆகிய நான்கும் வேண்டும். ஊசி போட்டு மயக்கம் தெளியாதவருக்கு, பசிக்குமே என்ற பாசத்தில் துணைக்கு இருப்பவர் ஊட்டிவிடுவதைக் கண்டால் உடனே தடுத்து, தெளிந்த பிறகு கொடுக்கலாம் என்று விளக்குங்கள். மூச்சடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, பலனில்லையேல் வயிற்றை ஐந்து முறை உள்நோக்கி மேல்நோக்கி அழுத்தல் என்பதை வார்டில் உள்ள அத்தனை பேரும், வாசலில் நிற்கும் காவலர் உட்பட, கையால் செய்து பழகியிருக்க வேண்டும். தொண்டையில் அடைத்ததை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் இயந்திரம் வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

"மனநோய்தான்" என்று தள்ளிவிடக் கூடாதவை

நோயாளியின் உடம்பு சொல்வதை மனநோயின் கணக்கில் எழுதிவிடுவதுதான் நம் துறையின் ஆழமான தவறு என்று நான் கருதுகிறேன். வயிறு வலிக்கிறது என்று சொன்னவரை "அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்" என்று விட்டுவிட்டால், அடுத்த நாள் குடல் அடைப்போடு அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கடும் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடிய மனச்சிதைவு மருந்தான குளோசபைன் எடுப்பவரிடம் தினமும் மலம் கழிந்ததா என்று கேட்டு எழுதுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தாலும் அது உயிரைக் காக்கும் கேள்வி. அவருக்கே காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை அன்றே பார்க்க வேண்டும்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும், சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலும், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கை பெரிதாக நடுங்குவது, தள்ளாடுவது, நாக்குக் குழறுவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபெனோ யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் போன்ற மருந்துகள் வியர்வையைக் குறைப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரை வார்டுகளில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். மோர், தண்ணீர், ஈரத்துணி, நிழல் இவற்றை ஒரு பணியாகவே பட்டியலில் சேருங்கள். காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்து, வியர்த்து, நினைவும் தடுமாறினால் அது மனச்சிதைவு மருந்தால் வரும் அரிய, ஆனால் உயிர் கொல்லும் விளைவாக இருக்கலாம். அடுத்த டோஸ் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடால் ஊசிக்குப் பின் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு கண்கள் மேலே சொருகி நிற்பதைப் பார்த்துக் குடும்பத்தார் "சாமி வந்துருச்சு" என்று அலறுவதும், சில வேளை நடிப்பு என்று ஊழியரே சொல்வதும் உண்டு. அது மருந்தால் வந்த தசை இறுக்கம். புரோமெத்தசின் ஊசி போட்டால் சில நிமிடங்களில் விடுபடும். அதுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இது சரியாயிடும், மருந்து வேலை செய்யற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். அந்த நிமிடங்களின் பயங்கரத்தினால் வாழ்நாள் முழுவதும் மருந்தையே வெறுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சேர்க்கையின்போதே கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டு நேரத்தோடு எழுதுங்கள். மதுவை நிறுத்திய முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், அதை ஒட்டி இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை நடுக்கமும் குழப்பமும் மாயக் காட்சிகளும் வரலாம். தொடக்கத்தில் மனநோயின் வேகம் என்று தோன்றுவது இதுவாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போட்டாயிற்றா என்று மருத்துவருக்கு நினைவூட்ட நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தூக்கம் தரும் மருந்துகளால் இரவில் எழும்போது இரத்த அழுத்தம் விழுந்து தலைசுற்றி விழுபவர்கள் முதியோர்களே அதிகம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கெரியட்டும், தரை ஈரமாக இல்லாதிருக்கட்டும்.

கோபம் மூளும்போது

கோபம் வெடிப்பதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும்: நடை வேகமாகும், குரல் உயரும், விரல்கள் மடங்கும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார். அந்தக் கட்டத்தில் கூட்டம் சேர்க்காதீர்கள். ஒருவர் மட்டும், அவருக்குப் பழக்கமான ஒருவர், இரண்டு கை நீளத் தள்ளி, நேரெதிரே நிற்காமல் சற்றே பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நின்று பேச வேண்டும். வாசல் இருவருக்கும் திறந்தே இருக்கட்டும். "அண்ணே", "அம்மா", "தம்பி" என்று அவரவர் வயதுக்கு ஏற்ற முறையில் அழையுங்கள். நோயின் வேகத்தில் இருப்பவரை "வா, போ" என்று ஒருமையில் பேசுவது பல வார்டுகளில் பழக்கமாகிப்போயிருக்கிறது. பல சண்டைகள் அங்கேதான் பிறக்கின்றன. அவர் கேட்பதில் கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிடுங்கள். ஒரு டீ, வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, முற்றத்தில் ஒரு நடை ஆகியவற்றால் தணிந்துபோன கோபங்களை நான் எண்ணிச் சொல்ல முடியாது. கொடுக்க முடியாததற்கு "இல்லை" என்பதோடு காரணத்தையும் எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்குச் சான்றும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லென் பவர்ஸ் குழுவினர் உருவாக்கிய 'சேஃப்வார்ட்ஸ்' முறையை இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்தபோது, முரண்பாட்டு நிகழ்வுகள் சுமார் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் சுமார் 26 சதவீதமும் குறைந்தன. அதில் உள்ள பத்து வழிகளும் எளியவை. ஊழியரும் நோயாளரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சிறிது அறிந்துகொள்வது, மென்மையான சொற்கள், கெட்ட செய்தி வரும்போது முன்கூட்டியே பக்கத்தில் இருப்பது, நோயாளிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் கூட்டம் போன்றவை அவற்றுள் அடங்கும். ஆள் பற்றாக்குறை உள்ள நம் வார்டுகளிலும் பணச் செலவில்லாமல் இவற்றைச் செய்ய முடியும்.

பேச்சு போதாமல் ஊசி தேவைப்பட்டால் அதற்கும் நம் மண்ணிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. வேலூரில் 200 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில் லோரசெபாம் மட்டும், ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த ஊசி ஆகிய இரண்டு முறைகளுமே பயன் தந்தன; பின்னது விரைவாக அமைதிப்படுத்தியது. எதைக் கொடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், விழிப்பு நிலை ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். ஒலான்சபைன் ஊசியையும் லோரசெபாம் ஊசியையும் சேர்த்துப் போடாதீர்கள்.

பிடித்துக் கட்டுப்படுத்துவது எல்லா வழியும் அடைபட்ட பிறகு வருவது. குப்புறக் கிடத்தி முதுகில் முழங்காலை ஊன்றினால் மூச்சு நின்றுவிடும்; இப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று அவரோடு பேசிக்கொண்டும் மூச்சைக் கவனித்துக்கொண்டும் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு தனியறையில் அடைப்பதை அறவே தடுக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சையளிக்கும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல் கட்டுப்படுத்தலாம் என்று அது சொல்கிறது. முறை, காரணம், நேரம் மூன்றையும் உடனே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகவோ, ஆள் குறைவு என்ற காரணத்துக்காகவோ கட்டிவைப்பது குற்றம் என்பதை இரவுப் பணியில் ஒற்றை ஆளாக நிற்கும் செவிலியர்கள் மேலதிகாரிகளிடம் எழுத்தில் எடுத்துச்சொல்லும் துணிவைப் பெற வேண்டும்.

கண்காணிப்பும் இரவும்

தற்கொலை எண்ணம் உள்ளவரைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தால், சரியாகப் பதினைந்தாவது நிமிடத்தில் போகாதீர்கள்; சில சமயம் ஐந்தாவது நிமிடத்தில், சில சமயம் பன்னிரண்டில் போங்கள். ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவால் டிக் அடிப்பது பொய்ச்சாட்சிக்குச் சமம். தொடர்ந்து பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தால் நாற்காலி போட்டுக் கைப்பேசி பார்க்காமல் பேசுங்கள், அல்லது சேர்ந்து செய்தித்தாள் படியுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்க ஆள் கிடைத்ததே என்ற ஆறுதலைத்தான் பலர் காட்டியிருக்கிறார்கள். திடீரென்று ஒருவர் மிக அமைதியாகித் தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால் தேறிவிட்டார் என்று குறிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சொல்லாமல் வெளியேறுவது பெரும்பாலும் பார்வையாளர் நேரத்திலும் சாப்பாட்டு வண்டி வரும்போதும் நிகழ்கிறது. அந்த வேளைகளில் வாசலில் முகம் தெரிந்த ஓர் ஆள் நின்றால் போதும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் கட்டுவது இன்று சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பூட்டிய கதவின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பணிக்கு வந்ததும் சாவிக்கொத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வெளிவாசலையும் நீங்களே ஒருமுறை திறந்து மூடுங்கள். மாற்றுச் சாவி எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர், மயக்க மருந்தில் இருப்பவர் யார் யார் என்ற பட்டியலைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

துணைக்கு இருப்பவர்கள்

பொது மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் அம்மாவோ கணவரோ அண்ணனோ இரவும் பகலும் உடன் இருக்கிறார்கள். அவர்கள் பெரும் பலம். ஆனால் செவிலியருக்கு மாற்று இல்லை. தற்கொலை எண்ணமுள்ள மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மூன்று நாள் தூங்காத தாயிடம் விட்டுவிட்டு, நடந்த பிறகு "அட்டெண்டர் தூங்கிட்டாங்க" என்று எழுதுவது அநியாயம். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும் என்று எளிய தமிழில் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் குளிக்கவும் சாப்பிடவும் போகும் நேரத்தில் மாற்று ஆளை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். பெண் நோயாளிகளின் பகுதிக்கு மற்றவர்களின் ஆண் உறவினர் வருவதில் கண்டிப்பாக இருங்கள். யாராவது தன்னைத் தொட்டதாக ஒரு பெண் சொன்னால், அவருக்கு என்ன நோய் என்று பார்க்காமல் முதலில் நம்பி, எழுதி, மேலே தெரிவியுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாள்

வார்டை விட்டுப் போன முதல் ஒன்றிரண்டு வாரங்கள் தற்கொலை ஆபத்து மிகுந்த காலம். எனவே பாதுகாப்புப் பணி வாசலோடு முடிவதில்லை. மருந்தை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் குறைந்த நாள்களுக்குக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை யார் கையில் இருக்கும் என்பதையும், வீட்டில் உள்ள பூச்சிமருந்தை எங்கே அப்புறப்படுத்துவார்கள் என்பதையும் குடும்பத்தாரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். கிராமத்து வீடுகளில் இந்தக் கடைசிக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அடுத்த வருகைத் தேதியோடு, 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐயும் மருந்துச் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதிக்கொடுங்கள். மூன்றாம் நாள் ஒருமுறை நீங்களே தொலைபேசியில் அழைத்து, தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று கேளுங்கள். அவர் வார்டிலிருந்து புறப்படும் முன் உடைமைப் பதிவேட்டைத் திறந்து, சேர்க்கையன்று வாங்கிவைத்த ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.